எதிர்ச்சாரியில் ஒரு வகுப்பறை

டோரீன் மஸூரின் சமையலறை ஜன்னலில் நின்றால் எதிர்ச்சாரியில் பள்ளிக்கூட வாசல் தெரியும். அவள் வீட்டுப் படியிலிருந்து அந்த வாசல்வரை நாற்பத்தொரு காலடி. பனி கொட்டிக் கிடந்தால் இரண்டு மூன்று கூடும். அவளே நடந்து எண்ணியது. அந்தப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிற வேலை அவளுக்கு. தினம் போக நாற்பத்தொன்று, வர நாற்பத்தொன்று.

அவள் மகள் ஜோசி மட்டும் அந்தப் பள்ளியில் படிக்கவில்லை. ஜோசிக்குப் பேச்சு வரவில்லை. அவ்வப்போது வலிப்பு வரும். சாப்பிடவும் உடுத்தவும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஹால்ஸ்டெட்டில் வகுப்பு இல்லை. சின்ன ஊர், எட்டாம் வகுப்போடு முடிகிற ஒரே பள்ளி. ஆகவே ஆறு வயதிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு சிறப்புப் பள்ளிக்கு அவளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காலை ஆறேகாலுக்கு மஞ்சள் வேன் வரும். மாலை நாலரைக்குத் திரும்பும்.

இதில் ஒரு கொடுமை உண்டு. எங்கள் ரோட்டில் வேன் திரும்ப இடம் கிடையாது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடுவதற்கென்று போட்ட வட்டப் பாதை ஒன்றுதான் வழி. ஆகவே வேன் ஜோசியை ஏற்றிக்கொண்டு நேரே எதிர்ப் பள்ளிக்குள் நுழையும், வாசலை ஒரு சுற்றுச் சுற்றும், வெளியே போய்விடும். அந்தச் சுற்றில் ஜோசி வலது உள்ளங்கையை வேன் கண்ணாடியில் வைப்பாள். ஆசையா வெறும் பழக்கமா என்று டோரீனுக்குத் தெரியாது. ஜன்னலில் நின்று பார்த்தவள் ஆசை என்றே வைத்துக்கொண்டாள். அவளுக்குள் இருந்ததும் அதுதானே.

பெரிதாக ஒன்றும் அவள் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகளைப் போல எட்டேகாலுக்குப் பையை மாட்டிக்கொண்டு தன் மகள் அந்த ரோட்டைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அதைச் சொன்னவர் எங்கள் மாநிலத்துப் பள்ளி நிதிக் கணக்கைப் பார்த்ததில்லை. டோரீன் தினம் முந்நூறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இறைச்சி உருண்டையும் மசித்த உருளைக்கிழங்கும் வைத்தாள். யார் வீட்டுப் பையன் பட்டாணியைக் கால்சட்டைப் பையில் ஒளிக்கிறான் என்பதுவரை அவளுக்குத் தெரியும். தன் மகள் நண்பகலில் என்ன சாப்பிட்டாள் என்பதை மட்டும் பைக்குள் வருகிற ஒரு துண்டுச் சீட்டில் படித்துத் தெரிந்துகொண்டாள். 'பாதி சாப்பிட்டாள். நல்ல நாள்.' நல்ல நாள் என்றால் எப்படி நல்ல நாள் என்று சீட்டு சொல்லாது.

முதல் வருஷம் பள்ளி மேலதிகாரியிடம் போனாள். நல்ல மனிதர்தான், கைவிரிக்கத் தெரிந்த நல்ல மனிதர்.

"டோரீன், எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஒரு வகுப்பு தொறந்தா ஒரு டீச்சர், ரெண்டு உதவி ஆளு, பேச்சுப் பயிற்சிக்கு ஒருத்தங்க. நம்ம ஊர்ல இப்ப ஆறு புள்ளைங்க இருக்காங்க. ஆனா மாநிலம் ஆறு பேருன்னு பாத்துப் பணம் தர்றதில்ல."

"பின்ன எப்படித் தர்றாங்க?"

"மொத்தப் புள்ளைங்க எத்தன பேரு, அதுல நூத்துக்கு இத்தன பேரு இப்படி இருப்பாங்கன்னு அங்கயே ஒரு கணக்கு வச்சிருக்காங்க. எல்லா ஊருக்கும் ஒரே கணக்கு."

"ஜோசி இருக்காளா இல்லையான்னு பாக்க மாட்டாங்களா?"

"பாக்க மாட்டாங்க," என்றார் அவர்.

அந்தப் பதில்தான் அவளை வீட்டைவிட்டுக் கிளப்பியது. பணம் இல்லை என்று சொல்லியிருந்தால் சும்மா இருந்திருப்பாள். பணம் இல்லாத வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது புரியும். தன் மகள் எண்ணிக்கையிலேயே இல்லை என்பதை அவளால் விழுங்க முடியவில்லை.

அந்தக் கணக்கை மாற்ற ஒரு மசோதா இருந்தது. உள்ளபடியே இருக்கும் பிள்ளைகளை எண்ணி உதவி கொடு என்பது அதன் சாரம். வருஷா வருஷம் வசந்த காலத்தில் அது தலைநகரில் சட்டமன்றக் குழுவின் முன்னால் வரும், பேசப்படும், தூங்கப் போய்விடும். பொதுமக்கள் யாரும் போய்ப் பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிஷம். மேசை மேல் சின்ன விளக்கு பச்சையாக எரியும், பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு. சிவப்பு வந்தால் உன் பிள்ளையின் பெயர் பாதியில் நின்றாலும் நின்றதுதான்.

டோரீன் முதல் தடவை போனது சிரிப்புக்குரிய கதை. வாசலில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். பெயர், ஊர், யார் சார்பில் வந்திருக்கிறீர்கள் என்று ஒரு கோடு. கீழே மூன்று கட்டம்: ஆதரவு, எதிர்ப்பு, பேசத் தேவையில்லை. யார் சார்பில் என்றதும் வேலை செய்யும் இடத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, ஹால்ஸ்டெட் பள்ளிச் சாப்பாட்டுக்கூடம் என்று எழுதினாள். ஆதரவில் ஒரு குறி போட்டாள். ஆறு பக்கக் கடிதம் முன்கூட்டியே அனுப்பியிருந்தாளே, கடிதம் அனுப்பியவர்கள் மூன்றாவது கட்டத்திலும் குறி போட வேண்டும்போல, பெயரைக் கூப்பிட்டதும் போய் வாசித்தால் போதும் என்று அவளாகவே முடிவு செய்தாள். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டிருக்கலாம். எங்கள் ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். வழி தவறினாலும் வண்டியை நிறுத்தாமல் அடுத்த மாவட்டம் போய்த்தான் திரும்புவார்கள்.

நாலு மணி நேரம் காத்திருந்தாள். குழுத் தலைவர் அவள் சீட்டை எடுத்தார். அவள் கோட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்தாள்.

"டோரீன் மஸூர், ஹால்ஸ்டெட் பள்ளிச் சாப்பாட்டுக்கூடம், ஆதரவு, பேசத் தேவையில்லை," என்று படித்துவிட்டு அவர் அடுத்த சீட்டை எடுத்தார்.

நின்றவள் உட்கார்ந்தாள். கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

இதை அவள் சொன்னது ஒரே ஆளிடம், பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காக வண்டிகளை நிறுத்தும் கஸ் பப்பலார்டோவிடம். ஆரஞ்சு மேலங்கியும் கையில் 'நில்' பலகையுமாக நிற்கும் மனிதர். அப்போதே எழுபதை நெருங்கியிருந்தார். அவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

"என்னம்மா டோரீன், சாப்பாட்டுக்கூடம் ஆதரவு தந்திருச்சாமே. உருளைக்கிழங்கு என்ன சொல்லுது?"

"உங்க வயசுக்கு வாய அடக்குங்க, கஸ்."

"வாய அடக்கத்தான நீ அங்க போயிட்டு வந்த."

அவள் சிரித்தாள், கூடவே கண்ணும் கலங்கியது. அவர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வீட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"இங்க பாரு. உன் பொண்ண ஒரு நாள் இந்த ரோட்டைத் தாண்டி நான் விடுறேன். அதுக்கப்புறந்தான் இந்தப் பலகைய கீழ வைப்பேன். என் பொண்டாட்டி வேலைய விட்டுட்டு ஃப்ளோரிடா வெயிலுக்கு வான்னு உயிர எடுக்கிறா. அவகிட்டயும் சொல்லிட்டேன்."

அடுத்த வருஷம் டோரீன் பேசினாள். இரண்டாம் நிமிஷத்தில் அழுகை வந்து, மூன்றாம் நிமிஷம் அதிலேயே போயிற்று. அதற்கடுத்த வருஷம் அவள் பேசும்போது குழுவில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், அதில் ஒருவர் சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் பனிப்புயல், கூட்டமே இல்லை. ஒரு வருஷம் ஜோசிக்கு வலிப்பு வந்து பாதி வழியில் திரும்பினாள். ஒவ்வொரு வருஷமும் ஒரு நாள் லீவு, ஒரு நாள் கூலி போயிற்று. அவள் கணவன் ஸ்டான் கூரை போடும் வேலைக்காரன், அதிகம் பேசாதவன். "போய்ட்டு வா" என்பதோடு சரி. ஆனால் அவள் போகும் நாளில் ஜோசிக்குத் தலை வாரி விடுவது அவன்தான். வகிடு கோணலாக இருக்கும்.

தலைநகரில் கிடைத்த ஒரே நல்லது மாரிசோல் கிண்டானா. மூன்று ஊர் தள்ளி இருப்பவள், தாதி வேலை. அவள் மகனும் ஜோசியைப் போல, ஆனால் ஐந்து வயது இளையவன். மாரிசோல் வந்த பிறகுதான் தாய்மார்கள் தனித்தனியாக வந்து அழுவது நின்று, ஒரே பேருந்தில் வந்து வரிசையாக உட்காருவது தொடங்கியது. யாருடைய தொகுதி உறுப்பினர் யார், அவருக்கு எந்த ஊரில் வாக்கு இளைத்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம்புகிற ரகம்.

இதற்கிடையில் டோரீன் தன் பேச்சைச் செதுக்கிக்கொண்டே வந்தாள். ஆறு பக்கம் மூன்றாகி ஒன்றாகிற்று. சாப்பாட்டுக்கூடத்து அடுப்பின் நேரமணியை மூன்று நிமிஷத்துக்குத் திருகி வைத்து, பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று சொல்லிப் பார்ப்பாள். எட்டாம் வருஷம் அது சரியாக இரண்டு நிமிஷம் ஐம்பது விநாடிக்கு வந்தது.

"நான் பள்ளியில் சாப்பாடு போடுகிறவள்" என்று அது தொடங்கும். "எனக்கு எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று காலையில் எண்ணிச் சொல்வார்கள். வந்த பிள்ளைக்குத் தட்டு வைப்பேன். நூற்றுக்கு இத்தனை பேர் பசியோடு வருவார்கள் என்று உத்தேசமாகச் சமைத்தால், வராத பிள்ளைக்குத் தட்டு இருக்கும், வந்து நிற்கிற பிள்ளைக்கு இருக்காது. நீங்கள் அப்படித்தான் சமைக்கிறீர்கள்." அதற்குப் பிறகு ஜன்னல் வரும், வேன் வட்டமடிப்பது வரும், கண்ணாடியில் வைத்த கை வரும். கடைசியில், "என் மகள் பெயர் ஜோசி. அவளை எண்ணுங்கள்." அழாமல் சொல்லப் பழகிவிட்டாள்.

அந்த எட்டாம் வருஷம் ஜோசிக்குப் பதினாலு வயது. ஜூனில் எட்டாம் வகுப்பு வயது முடிகிறது. அதன் பிறகு அவள் ஹால்ஸ்டெட் பள்ளியின் பிள்ளை அல்ல, பல ஊர்களுக்குப் பொதுவான உயர்நிலைப் பள்ளியின் பொறுப்பு. அது வேறு நிர்வாகம், வேறு ஊர், வேறு கதவு. மசோதா அன்றைக்கே நிறைவேறினாலும் எதிர்ச்சாரியில் வகுப்பறை திறப்பது செப்டம்பரில்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது என்று டோரீனுக்குத் தெரியும். இருந்தும் பேருந்தில் ஏறினாள். பேச்சு கோட்டுப் பையில் இருந்தது. வகுப்பறைதான் கிடைக்காது, மகள் பெயராவது அந்த அறையில் முழுதாக ஒலிக்கட்டும் என்பது அவள் எண்ணம். அங்கே சொல்வதெல்லாம் பதிவாகும், அழியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அன்று கூட்டம் முட்டியது. கணக்கு மாறினால் தங்களுக்குப் பணம் குறையும் என்று பயந்த வேறு ஊர்க்காரர்கள் பாதிப் பேர். சீட்டுக் கொடுக்கும் மேசை அருகே மாரிசோல் தாய்மார்களைச் சுவரோரம் ஒதுக்கினாள்.

"கேட்டுக்கோங்க. ஒரு மணிக்குக் கூட்டத்த முடிச்சாகணும். அதுக்குள்ள ஓட்டுக்கு விட்டா நாம ஜெயிச்சோம். எண்ணிட்டேன், குழுவுல நமக்கு ஆளு இருக்கு. ஓட்டுக்கு வரலைன்னா இந்த வருஷமும் அம்போ. நாம நாப்பது பேரு பேசினா அதுவே ரெண்டு மணி நேரம். எதிர்ப்பக்கம் அதத்தான் வேண்டிக்கிட்டிருக்காங்க."

"அதனால?" என்றாள் டோரீன்.

மாரிசோல் அவளை நேராகப் பார்க்கவில்லை. "எல்லாரும் மூணாவது கட்டத்துல குறி போடணும்."

பிறகு மாரிசோல் டோரீன் பக்கத்தில் வந்தாள்.

"டோரீன், நீ மட்டும் பேசு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். உனக்கு இதுதான் கடைசி வருஷம். மூணு நிமிஷத்துல குடி முழுகிடாது."

"நான் பேசினா அடுத்தவ பேசுவா. அவளுக்கு அடுத்தவ எழுந்திருப்பா."

"எழுந்திருப்பாங்கதான்."

"உன் பையனுக்கு என்ன வயசு?"

"ஒம்பது."

டோரீன் தலையாட்டினாள். ஒன்பது வயது என்றால் இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. அந்த நிமிஷத்தில் அவளுக்கு மாரிசோல் மேல் பொறாமை வந்தது. ஒளிப்பானேன், நன்றாகவே வந்தது. அந்தப் பையன் பையை மாட்டிக்கொண்டு தன் ஊர்ப் பள்ளிக்குள் நுழைவது கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பொறாமையோடுதான் சீட்டை வாங்கினாள்.

பெயர் எழுதினாள், ஊர் எழுதினாள். யார் சார்பில் என்ற கோட்டில் பேனாவை நிறுத்தினாள். பிறகு மெதுவாக எழுதினாள். ஆதரவில் ஒரு குறி, மூன்றாவது கட்டத்தில் ஒரு குறி.

பதினொன்றரைக்குக் குழுத் தலைவர் சீட்டுகளைப் படிக்கத் தொடங்கினார். முதல் வருஷம் இருந்தவர் இல்லை, இவர் வேறு. ஒவ்வொரு தாயாகப் பெயர் வந்தது, ஆதரவு, பேசத் தேவையில்லை. அடுத்தது, ஆதரவு, பேசத் தேவையில்லை. நாற்பது பேர் வாய் திறக்காமல் இருப்பது அந்த அறைக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். சாண்ட்விச் பிரிக்கும் ஓசை எங்கும் கேட்கவில்லை.

"டோரீன் மஸூர், ஹால்ஸ்டெட்," என்றார் தலைவர். சீட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பிடித்தார். "ஜோசி மஸூர் சார்பில். ஆதரவு. பேசத் தேவையில்லை."

அவள் எழுந்து நின்றாள். கோட்டைக் கழற்றவில்லை. தலைவர் தலை நிமிர்ந்து பார்த்து, அடுத்த சீட்டை எடுக்கக் கொஞ்சம் தாமதித்தார். அவள் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு வாக்கெடுத்தார்கள். ஜூன் கடைசியில் சட்டமாயிற்று. அம்மி நகர்ந்துவிட்டது. அது நகர்ந்த இடத்தில் ஜோசி இல்லை.

செப்டம்பர். ஹால்ஸ்டெட் பள்ளி ஒரு செவ்வாய்க்கிழமை திறந்தது. ஜோசியின் தொலைதூரப் பள்ளிக்கு மறுநாள்தான் தொடக்கம். சட்டமன்றத்துக்காக அல்லாமல் டோரீன் லீவு எடுத்தது அந்த ஒரு நாள்தான். ஆனால் ஜோசிக்குக் கிழமை புரியாது. ஆறு மணிக்கே எழுந்து பையைக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள். ஆறேகால் ஆயிற்று. வேன் வரவில்லை. ஜோசி கதவருகே நின்றாள். ஏழு ஆயிற்று. கொடுத்த ரொட்டியை வாங்கவில்லை. எட்டு மணிக்கும் அங்கேயே நின்றாள், முதுகில் பையோடு.

எதிர்ச்சாரியில் பிள்ளைகள் சேரத் தொடங்கினார்கள். புது வகுப்பின் ஆசிரியை, இளம் பெண், வாசலில் ஒரு பட்டியலோடு நின்றாள். ஆறு பெயர் இருக்கும் அதில். அந்த ஆறு பெயரையும் டோரீன் சாப்பாட்டுக்கூடத்துக்காக முந்தின வாரமே எழுதி வைத்திருந்தாள், யாருக்கு எதை மசித்துத் தர வேண்டும் என்பதோடு.

அவள் மகளின் கையைப் பிடித்துக் கதவைத் திறந்தாள்.

கஸ் அவர்களைப் பார்த்தார். கேலி எதுவும் வரவில்லை. எழுபத்தாறு வயது மனிதர் நடு ரோட்டுக்கு நடந்துபோய்ப் பலகையைத் தலைக்கு மேல் தூக்கினார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன.

"வாங்க ரெண்டு பேரும். மெதுவா வாங்க."

நடு ரோட்டில் ஜோசி நின்றுவிட்டாள். அவள் அப்படித்தான், புது இடமென்றால் நின்று பார்ப்பாள். வேனின் கண்ணாடி வழியாகவே பார்த்த வாசல் கண்ணாடி இல்லாமல் எதிரே இருந்தது. வலது கையைத் தூக்கினாள், கை எதிலும் படவில்லை. நீட்டியபடியே வைத்திருந்தாள். பின்னாலிருந்த லாரிக்காரன் ஒரு முறை ஹார்ன் அடித்தான்.

"மூணு நிமிஷம் இருப்பா," என்றார் கஸ், திரும்பிப் பார்க்காமல். "ஒண்ணும் கெட்டுப்போகாது."

பிறகு ஜோசி நடந்தாள். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. வாசலுக்கு வந்துவிட்டார்கள். இளம் ஆசிரியை ஜோசியின் பையைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள், குழம்பினாள்.

"மன்னிச்சிருங்க, இவ பேரு எங்கிட்ட இல்லையே. நம்ம வகுப்புக்கா?"

"இல்லம்மா," என்றாள் டோரீன். "இவளுக்கு வயசு தாண்டிருச்சு. சும்மா ரோட்டைத் தாண்ட வந்தோம்."

மணி அடித்தது. கடைசிப் பிள்ளையும் உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டது. டோரீன் மகளின் கையைப் பிடித்துத் திருப்பினாள். ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை, இருந்தும் கஸ் நடுவில் நின்று பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தார். போகும்போது நாற்பத்தொன்று. ஜோசி திரும்பித் திரும்பிப் பார்த்ததில் வீட்டுப் படிக்கு வரும்போது அறுபதைத் தாண்டிவிட்டது.